மகன் வாங்கிய பழைய பிக்கப்: எதை முதலில் தொடுவது?

கேள்வி: நாங்கள் மதுரைப் பக்கம். இப்போது டெக்சஸில், ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் குடியிருக்கிறோம். மகனுக்கு 16 வயது. ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு கோடைக்காலம் புல்வெட்டிச் சேர்த்த பணத்தில், பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் 2004ஆம் ஆண்டு ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறான். ஒற்றை கேபின், 3.0 லிட்டர் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், 1,48,000 மைல் ஓடியது. கையில் இன்னும் 1,500 டாலர் வைத்திருக்கிறான். அதில் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தி, 31 அங்குல டயர் மாட்டி, விளக்கையெல்லாம் எல்.இ.டி. ஆக்கி, சைலன்சரைக் கழற்றிவிட வேண்டும் என்கிறான். அவன் வண்டிக்கு அடியில் படுக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது. "மெக்கானிக் ஆக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? விற்றுத் தொலை" என்கிறார் கணவர். எது சரி? இன்னொன்று: காலையில் எஞ்சினைப் போட்டால் குருவி கத்துவதுபோல ஒரு சத்தம். பெல்ட் என்று சொல்லிப் புது பெல்ட் வாங்கி வைத்திருக்கிறான்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விற்க வேண்டாம். தன் உழைப்பில் வாங்கிய பொருளை, அதுவும் கைகொண்டு பழுதுபார்க்கக்கூடிய எளிய வண்டியை, இந்த வயதில் அவனிடமிருந்து பிடுங்கினால் நஷ்டம் வண்டியின் விலையோடு நிற்காது. ஆனால் நான் சொல்லும் ஒரு காரியம் முடியும்வரை வண்டி வாசலைவிட்டு நகரக்கூடாது.

அந்தக் காரியம் ஏர்பேக். 2004 முதலான ரேஞ்சர்களில் டகாடா நிறுவனத்தின் ஏர்பேக் ஊதிகள், அதாவது மோதலில் பையை விரியவைக்கும் பாகங்கள், பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுக்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டுக் கெட்டுப்போகிறது. பிறகு ஒரு சின்ன மோதலில் பை விரியும்போது, ஊதியின் இரும்புக் கூடே வெடித்துச் சில்லுகளாகப் பறக்கிறது. தென் கரோலினாவில் 2015இலும் மேற்கு வர்ஜீனியாவில் 2017இலும் 2006ஆம் ஆண்டு ரேஞ்சரை ஓட்டிய இருவர் இப்படித்தான் இறந்தார்கள். அதன்பின் 2018இல், குறிப்பிட்ட சில ரேஞ்சர்களை ஓட்டவே வேண்டாம் என்று ஃபோர்டு அறிவித்தது. ஹூஸ்டனின் வெப்பமும் வளைகுடாக் காற்றின் ஈரமும் இந்த ஊதிகளுக்குப் பரம எதிரி. முன்கண்ணாடியின் கீழ், ஓட்டுநர் பக்க மூலையில் 17 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாள எண் தெரியும். அதைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். பழைய உரிமையாளர் ஊதிகளை மாற்றிவிட்டாரா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். பாக்கி இருந்தால் ஃபோர்டு டீலரிடம் சொல்லுங்கள். மாற்றித் தருவதற்குக் காசு கிடையாது. அந்த வேலையைத் தம்பி தானே செய்ய முயலவே கூடாது. ஸ்டியரிங்குக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குள்ளும் மஞ்சள் நிறத்தில் ஓடும் ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் அவன் கை படக்கூடாது என்பதை இப்போதே சட்டமாக்கிவிடுங்கள்.

அடுத்து, வண்டிக்கு அடியில் படுப்பது. உங்கள் பயம் நியாயமானது. பட்டறைத் தொழிலில் இருக்கிறவர்கள் அனைவருக்கும் அந்தப் பயம் உண்டு. அந்தப் பயம்தான் எங்களை வீடு திரும்ப வைக்கிறது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஜாக்கி ஸ்டாண்டு வேண்டும், அதுவும் இரண்டாக. நம் ஊரில் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அண்டை கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஆகவே அவன் செய்ய வேண்டிய முறை இது: சமதளமான காங்கிரீட் தரையில் நிறுத்துவது, கோடை வெயிலில் இளகும் தாரில் ஸ்டாண்டு புதையும், அதனால் தார் வேண்டாம். தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது. ஜாக்கியால் தூக்கி, சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) கனமான பகுதிக்கு அடியில் ஸ்டாண்டை வைத்து, ஸ்டாண்டின் பல் முழுதாக விழுந்ததா என்று கண்ணால் பார்ப்பது. பிறகு வண்டியின் எடையை ஸ்டாண்டின்மேல் இறக்கி, வெளியே நின்றபடியே வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்ப்பது. அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால், எல்லாம் தவறினாலும் உடம்புக்கு இடம் இருக்கும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அடியில் போகக்கூடாது. இந்த முறையை உங்கள் எதிரில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் எஞ்சின் படிக்காவிட்டாலும் இதை மேற்பார்வையிட உங்களால் முடியும்.

இனி அந்த 1,500 டாலர். தம்பியின் பட்டியலில் ஒன்றுகூட வண்டியை நிறுத்துவதற்கானது இல்லை, எல்லாம் காட்டுவதற்கானவை. 16 வயதில் அது இயல்புதான். ஆனால் 20 வயதைத் தாண்டிய வண்டியில் நிற்பது, திரும்புவது, பிறகு ஓடுவது, கடைசியில் தோற்றம் என்ற வரிசையை மாற்ற நான் ஒப்பமாட்டேன்.

அதிலும் நீங்கள் டெக்சஸில் இருக்கிறீர்கள். சொந்த உபயோக வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடந்த பாதுகாப்புப் பரிசோதனையை 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் எடுத்துவிட்டது. முன்பு வருடத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் பிரேக்கையும் டயரையும் பார்த்தார். இப்போது அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் வீட்டின்மேல். ஆகவே முதல் 150 டாலரை நம்பகமான ஒரு பட்டறைக்குக் கொடுத்து, வண்டியை லிப்டில் ஏற்றி முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பியும் கூடப் போகட்டும். நல்ல மெக்கானிக் என்றால் அடியில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் பால் ஜாயின்ட் என்ற மூட்டு தேய்ந்திருப்பது தெரியும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளைச் சேசிஸோடு பிணைக்கும் தாங்கிகள் இந்த ரேஞ்சர்களில் துருப்பிடிக்கும் இடம். வண்டி வாழ்நாள் முழுதும் டெக்சஸில் ஓடியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும், பனிக்கு உப்புத் தூவும் வட மாநிலத்திலிருந்து வந்திருந்தால் கவனமாகப் பார்க்க வேண்டும். 2017இல் ஹார்வி புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் உங்கள் பகுதியில் கைமாறியிருக்கின்றன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக்கறை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிரேக் இந்த வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் பேட்களை மாற்றுவது ஒரு பையன் கற்றுக்கொள்வதற்கு மிக நல்ல முதல் வேலை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பொருளும் மலிவு. கடைகளில் முன்பணம் கட்டினால் கருவிகளைக் கடன் தருகிறார்கள். ஆட்டோசோன் போன்ற கடைகளில் அந்த ஏற்பாடு உண்டு, திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். டிரம் கொஞ்சம் சிக்கல்: ஸ்பிரிங்குகள் பல, இடம் மாறினால் வேலை செய்யாது. ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைக் கழற்றாமல் மாதிரிக்கு வைத்துக்கொள்வது பட்டறை வழக்கம். பிரேக் ஆயில் கறுத்திருந்தால் முழுதாக மாற்ற வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். முதல் தடவை அவன் செய்து முடித்த பிரேக்கை, சாலைக்குப் போகும் முன் ஒரு தொழில்காரர் பார்த்தே ஆகவேண்டும். அவன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. என் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர் செய்த பிரேக் வேலையையும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்தைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். 2314 என்று இருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரை மாற்றிவிட வேண்டும் என்பது ஃபோர்டின் அறிவுரை. பெரியவர்கள் வண்டியைக் குறைவாக ஓட்டுவார்கள். டயர் தேயாது, ஆனால் வெயிலில் காய்ந்து உள்ளுக்குள் பிரிந்துகொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் மேல்தோல் உரிந்தால் வண்டி உருளும். 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது இப்படித் தோல் பிரிந்ததால்தான். டெக்சஸ் போன்ற வெப்ப மாநிலங்களில்தான் அது அதிகம் நடந்தது. ஆகவே கையிருப்பில் பெரும்பங்கு நான்கு புது டயருக்குப் போகட்டும். அளவை மட்டும் மாற்ற வேண்டாம். சக்கர நட்டுகளை 100 அடி-பவுண்டு விசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். 100 மைல் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஏன் 31 அங்குலம் வேண்டாம் என்கிறேன்? இந்த வண்டியில் வழக்கமாக வரும் 225/70 ஆர்15 டயரின் உயரம் சுமார் 27.4 அங்குலம். 31 மாட்டினால் சுற்றளவு 13 விழுக்காடு கூடுகிறது. மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 68இல் போய்க்கொண்டிருக்கும். கனத்த சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக்தான். எஞ்சினோ 150 குதிரைத்திறன் அளவுக்கானது, மேட்டில் மூச்சுவாங்கும். இந்தக் கணக்கைத் தம்பியையே காகிதத்தில் போடச் சொல்லுங்கள். யாரோ வேண்டாம் என்றதைவிடத் தானே போட்ட கணக்குக்கு அவன் மதிப்புக் கொடுப்பான்.

உயர்த்துவதைப் பற்றி என் கருத்து கறாரானது: 18 வயதுவரை வேண்டாம். எடையின் மையம் மேலே போகப்போக, திடீர்த் திருப்பத்தில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடுகிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள்தான் ஸ்டியரிங்கைத் திடீரென்று ஒடிப்பார்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் பாணி ஒன்று இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. ஓட்டுநருக்கு முன்னால் தரையே தெரியாது, விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். வட கரோலினா, வர்ஜீனியா, தென் கரோலினா மாநிலங்கள் 2021க்கும் 2023க்கும் இடையில் இதைத் தடை செய்துவிட்டன. டெக்சஸில் மாட்டித் தரக் கடை கிடைக்கும் என்பதால் அது நல்லது ஆகிவிடாது.

எல்.இ.டி. பல்புகள் விஷயத்தில் நான் கோபப்படுகிறவன். ஹாலோஜன் பல்புக்காகச் செய்த கூட்டுக்குள் வேறு பல்பைப் போட்டால் ஒளி சிதறி எதிரில் வருகிறவரைக் குருடாக்கும், சட்டப்படியும் செல்லாது. அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை காலை, மஞ்சள் பூத்திருக்கும் விளக்குக் கண்ணாடியை நீர் விட்டு மணற்காகிதத்தால், முதலில் சொரசொரப்பானதும் பிறகு நைசானதுமாகத் தேய்த்து, மெருகேற்றி, வெயில் தாங்கும் பூச்சு கொடுக்கட்டும். 30 டாலருக்குள் முடியும். இரவில் சாலை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று அவனே சொல்வான், வண்டியின் முகமும் பத்து வயது இளமையாகிவிடும். பின்விளக்குகளுக்குக் கறுப்புப் பூச்சு கூடவே கூடாது.

சைலன்சர் இருந்தே ஆகவேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். அதற்கு முன்னால் இருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடுவது மத்திய அரசின் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது. பாதுகாப்புப் பரிசோதனை போய்விட்டாலும் ஹூஸ்டன் பகுதி மாவட்டங்களில் 24 ஆண்டுவரையான வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை தொடர்கிறது. அதில் தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது.

இத்தனை "வேண்டாம்" சொன்ன பிறகு, வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையனின் ஆசைக்கு இடம் இருக்க வேண்டும். பின்தொட்டிக்குக் கீறல் தாங்கும் கறுப்புப் பூச்சைத் தானே அடிக்கலாம். பழைய பாகக் கிடங்குகளில் இன்னொரு ரேஞ்சரிலிருந்து நல்ல சீட்டையும் கதவு உள்பலகையையும் கழற்றி வரலாம். அப்படிக் கழற்றுவதில்தான் வண்டியின் கட்டுமானம் கைக்குப் பழகும். சக்கர ரிம்களுக்கு வர்ணம் பூசலாம். திரையுள்ள புது ஸ்டீரியோ போடுவதானால் கூடவே பின்பார்வைக் கேமராவும் மாட்டட்டும். 2018 மே முதல் அமெரிக்காவில் விற்கும் புது வண்டிகளுக்கெல்லாம் அது கட்டாயம். பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது குழந்தை நின்றால் தெரியாது. எந்த மாற்றமானாலும் செய்வதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வண்டியின் டைட்டிலையும் (உரிமைப் பத்திரத்தையும்) வாங்கிய 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். பெற்றோர் பெயரில் இருப்பதே நல்லது.

ஓட்டுவதைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வண்டி சறுக்கும்போது தானே சமன்படுத்தும் மின்னணு ஏற்பாடு 2012 மாடலிலிருந்துதான் இங்கே எல்லாப் புது வண்டிகளிலும் கட்டாயமானது. தம்பியின் ரேஞ்சரில் அது கிடையாது. தொட்டி காலியாக இருக்கும்போது பின்சக்கரங்களின் மேல் பாரமே இல்லை. நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையின் எண்ணெய்ப்படலத்தில், வளைவில் கொஞ்சம் அழுத்தினாலும் பின்பக்கம் வாலைப்போல் வீசும். மழைக்காலத்தில் பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளைப் போட்டு, நகராதபடி கட்டி வைக்கட்டும். யாருமில்லாத பெரிய காலி மைதானத்தில், அனுமதி வாங்கி, மழை நாளில் மெதுவாக ஓட்டிப் பழகட்டும், அவன் அப்பா பக்கத்தில் இருக்க. தொட்டியில் ஆள் ஏற்றுவது அறவே கூடாது. நம் ஊரில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அப்படிப் போய்ப் பழகியதால் நமக்கு அதன் ஆபத்து மனத்தில் தைக்காது. டெக்சஸில் 18 வயதுக்கு உட்பட்டவரைத் திறந்த தொட்டியில் ஏற்றுவது, சில விதிவிலக்குகள் தவிர, குற்றம். உரிமம் வாங்கிய முதல் 12 மாதம் குடும்பத்தைச் சேராத 21 வயதுக்கு உட்பட்டோர் ஒருவருக்குமேல் அவன் ஏற்றக்கூடாது, நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை காரணமின்றி ஓட்டக்கூடாது. இந்த இடத்தில் ஒற்றை கேபின் உங்களுக்குப் பெரும் உதவி. நண்பர் கூட்டத்துக்கு அதில் இடமே இல்லை.

உங்கள் கணவருக்கு: ஐயா, மெக்கானிக் தொழில் என் வீட்டுக்குச் சோறு போட்டது, என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. உங்கள் மகன் பொறியியல் படிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினாலும் இந்த வண்டி குறுக்கே நிற்காது. பொறியியல் கல்லூரிகளில் மாணவர்களே கரடுமுரடான பாதைக்கான வண்டியை வடிவமைத்துக் கட்டி ஓட்டும் பாஹா எஸ்.ஏ.இ. போட்டி 1976 முதல் நடக்கிறது, இந்தியாவிலும் நடக்கிறது. அந்த அணிகளில் சேர்கிற மாணவர்களில் கையில் ஏற்கெனவே கிரீஸ் பட்டவனுக்குத் தனி மதிப்பு. அவனுடைய பள்ளியில் ஆட்டோமொபைல் தொழிற்பாடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்; டெக்சஸ் பள்ளிகள் பலவற்றில் உண்டு. மதிப்பெண் குறைந்தால் சாவி உங்களிடம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அதில் தவறில்லை.

சகோதரி, போகிற போக்கில் கடைசியில் எழுதினீர்களே, அந்தக் குருவிச் சத்தம், அதைத்தான் நான் இருமுறை படித்தேன். இந்த 3.0 எஞ்சினில் தீப்பொறியைப் பங்கிடும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்தில், எஞ்சினின் பின்புறம், கேபின் சுவரை ஒட்டி, எஞ்சினின் சுழற்சி நிலையை வண்டியின் கணினிக்குச் சொல்லும் கேம்ஷாஃப்ட் சின்க்ரனைசர் என்ற பாகம் நிற்கிறது. அதன் தண்டுதான் கீழே ஆயில் பம்பையும் சுழற்றுகிறது. தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் காய்ந்தால் கீச்சென்று கத்தும், கேட்பவர்கள் அனைவரும் பெல்ட் என்றே நினைப்பார்கள். கவனிக்காமல் விட்டுத் தண்டு இறுகிப்போனால் ஆயில் பம்ப் நின்று எஞ்சின் முழுதும் போகும். சோதிப்பது எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சில விநாடிகள் மட்டும் ஓட விட்டு நிறுத்தட்டும். சத்தம் நின்றுவிட்டால் பெல்ட்டோ அதன் உருளைகளோதான். அவன் வாங்கிய பெல்ட் வீண் போகாது. பெல்ட் இல்லாமலும் கத்தினால் சின்க்ரனைசர். அப்போது வண்டியை ஓட்டாமல் முதலில் அதை மாற்ற வேண்டும். விலை அதிகமில்லை, ஆனால் பொருத்தும்போது கோணம் சரியாக அமைய ஒரு சிறிய நேர்வைப்புக் கருவி வேண்டும். அது இல்லாமல் குத்துமதிப்பாகப் பொருத்தினால் எஞ்சின் தடுமாறும், எச்சரிக்கை விளக்கு எரியும். எந்தச் சத்தம் என்று தம்பிக்குத் தீர்மானிக்க முடியாவிட்டால், பெல்ட்டோடும் பெல்ட் இல்லாமலும் ஓடுவதைப் பானெட்டைத் திறந்து வைத்துத் தொலைபேசியில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவனுக்கே எழுதுகிறேன்.